ஏழாம் நாள் வாக்கு

விளாங்காமுனைச் சந்தியில், நெல் ஆலைக்குப் போகும் கிறவல் வீதி பிரிகின்ற இடத்தில், கேதீஸ்வரியின் கடை இருக்கிறது. கைத்தொலைபேசிகளுக்குக் காசு ஏற்றிக் கொடுப்பதும், அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பிரதி எடுத்துக் கொடுப்பதும் அங்கு நடக்கும் வியாபாரம். வயலில் களை பிடுங்குவதற்கு உடம்பு இடங்கொடாமற்போன பிறகே அவள் அந்தக் கதிரையில் வந்து அமர்ந்தாள். அமர்ந்த சில காலத்திலேயே, ஊரில் யாருடைய தொலைபேசியில் டேட்டா இருக்கிறது, யார் கடன் சொல்லி ஏற்றுகிறார், யாருடைய மகன் கட்டாரிலிருந்து எப்போது அழைப்பான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வெளியே சொல்லாதவள் என்ற நல்ல பெயரும் இருந்தது. அந்தப் பெயரை அவள் இழந்த விதத்தைச் சொல்வதற்கு முன், அவளுடைய தாய்வழியைச் சொல்ல வேண்டும்.

அவள் பூமாலைச்சி குடி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒருவருடைய குடி தாய்வழியாக வருவது. தகப்பன் எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடியையே சேரும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு உரியவை. கலியாணம் முடிக்கும் ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வந்து சேருவான். வாவியில் வலை வீசிப் பிழைக்கும் யோகராசா, வில்லவன் குடியிலிருந்து அப்படித்தான் கேதீஸ்வரியின் வீட்டுக்கு வந்தார். வீடு அவளுடைய தாய்க்கு அந்தத் தாயின் தாய் கொடுத்தது. பின்வளவில் இருந்த கிணறும் அவ்வாறே வந்தது.

அந்த வீட்டில், கலியாணம் முடிக்காமலே இருந்த பெரியம்மா முகம் வீங்கி இறந்தாள். சில வருடங்களின் பின் கேதீஸ்வரியின் தாய் கால் வீங்கி இறந்தாள். ஊர் அதற்கு வீக்கம் என்று பெயர் வைத்து, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் விட்டது. வேறு குடிகளிலும் வீங்கி இறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும் இருக்கின்ற ஊரில் இதையெல்லாம் கேட்பது முறையல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கேதீஸ்வரிக்கும் கால் வீங்கியபோது காலம் மாறியிருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டு வருகிறது, நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம் என்று சொன்னார்கள். அவள் அழவில்லை. இது எதிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள். கிணற்றுத் தண்ணீரிலிருந்தும் வரலாம், இரத்தவழியாகவும் வரலாம், இந்தப் பக்கத்தில் எவரும் ஆராய்ந்து பார்க்கவில்லை என்று பதில் கிடைத்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். மூன்று பெண்களும் ஒரே வயிற்றுவழி. மூன்று பெண்களும் ஒரே கிணற்றின் தண்ணீர். தண்ணீரையும் இரத்தத்தையும் பிரித்தறிய முடியாதபடி ஊர் வழக்கமே இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. அடுத்த ஒழுங்கையில் வேறு கிணற்றோடு வீடு பெற்றுப் போன தமக்கை புஸ்பம் நல்ல சுகமாக இருந்தாள். ஆகவே தண்ணீராக இருக்கும் என்று பகலில் கேதீஸ்வரி நம்பினாள். ஆனால் ஒவ்வொரு நாளும் விடிந்தவுடன், படுத்திருக்கும் மகள் யசோதினியின் கணுக்காலைப் பார்க்காமல் அவள் அடுப்படிக்குப் போனதில்லை.

கிளினிக் நாட்களில், ஊரார் பாதை என்று சொல்லும் இரும்புத் தெப்பத்தில் வாவியைக் கடந்து நகரத்துக்குப் போவாள். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் நீள வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் பஹீமா இருப்பாள். காத்தான்குடியில் சேலைக்கடை வைத்திருப்பவரின் மனைவி, வயதில் இளையவள், வருத்தம் என்று அவர்கள் சொல்லும் நோயில் மூத்தவள். வாரத்தில் இரண்டு முறை மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கிற நிலைக்கு வந்திருந்தாள். ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

ஒருநாள் அந்த வாங்குகளுக்கு முன்னால் டொக்டர் உதயரூபன் வந்து நின்றார். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற அவர், படுவான்கரை ஊர்களில் இந்த நோய் ஏன் வருகிறது என்று ஆராய்வதற்குத் திட்டம் எழுதி, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். அறக்கட்டளை மூன்று ஆராய்ச்சிகளைத் தெரிந்தெடுத்து, எதற்குப் பணம் கொடுப்பது என்பதைப் பொதுமக்களின் கையில் விட்டிருந்தது. இணையத்தில் ஏழு நாள் வாக்களிப்பு. ஒரு தொலைபேசி எண்ணுக்கு ஒரு வாக்கு. வென்றவருக்கு முழுப் பணம், தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

"வருத்தத்துக்கும் எலக்‌ஷனா டொக்டர்?" என்றாள் பஹீமா. "அப்ப பிரியாணிப் பார்சல் எப்ப வரும்?"

"உங்களுக்கு உப்புச் சாப்பாடு கூடாது, தங்கச்சி."

"வாக்கு மட்டும் நாங்க போடணும். பிரியாணி மத்தவங்க திண்ணணும். சரியான எலக்‌ஷன்தான்."

டொக்டர் சிரித்தார். ஆனால் அவருடைய முகம் தோற்றவனின் முகமாகவே இருந்தது. மற்ற இரண்டு ஆராய்ச்சிகளும் பெரிய நகரங்களுக்குரியவை. ஒன்று பச்சைப் பிள்ளைகளுக்கு வரும் இரத்த நோயைப் பற்றியது. பிள்ளைகளின் படங்களைப் போட்டு விளம்பரம் செய்திருந்தார்கள். "எங்களிட்டப் போடுறதுக்குச் சிறுநீரகத்தின்ட படம்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

திரும்பும்போது தெப்பத்தில் நின்றபடி கேதீஸ்வரி ஏழு நாள் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தாள். விளாங்காமுனைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசிச் சடங்கும் ஏழு நாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. தன் நாளில் தன் குடி மற்றக் குடியை விடக் கூட்டமும் வெளிச்சமும் காட்ட வேண்டும் என்பதற்காக, வட்டிக்கு வாங்கியும் செய்வார்கள். நோய்க்காக வாக்குப் போடச் சொன்னால் ஊர் கேட்டுவிட்டுப் போய்விடும். குடிக்காகப் போடச் சொன்னால் கேட்காதவன் எவன்?

அவள் நேரே கோணாமலையிடம் போனாள். கோணாமலை அவளுடைய தாயின் தம்பி. பூமாலைச்சி குடிக்காகக் கோயிலைப் பார்க்கும் வண்ணக்கர். ஏழு நாள் வாக்களிப்பையும் குடிக்கொரு நாளாகப் பிரிக்கலாம் என்று அவள் சொல்லி முடித்ததும், வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"இதில எங்கட நாள் எது?"

"சடங்குல எது எங்கட நாளோ அதுதான், மாமா. ஏழாம் நாள்."

"குளிர்த்தி நாள்." அவர் வெற்றிலையை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அம்மனைக் குளிர்விக்கும் அந்தக் கடைசி நாளின் உரிமை மற்ற ஆறு குடிகளுக்கும் பழைய புண். "வில்லவன் குடியான் முதலாம் நாளில ஆட்டம் காட்டுவான் புள்ள. அவனுக்குக் கட்டார்ல ஆக்கள் கூட."

"காட்டட்டும். எல்லா வாக்கும் ஒரே பெட்டிக்குத்தானே வருது."

"பெட்டி ஒண்டுதான். பேரு வேற," என்றார் கோணாமலை.

அன்றிரவு சாப்பிடும்போது யோகராசா கேட்டார்: "நாம வெண்டா, அந்தப் பச்சப் புள்ளைகள் தோக்கும். அப்படியா?"

"ஓம்."

"நல்ல ஆக்கள். சீக்காளிகளச் சண்டையில இறக்கி விட்டுட்டு, வெளியில நிண்டு பாக்கிறாங்க."

கேதீஸ்வரி தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

சடங்கின் ஒழுங்கிலேயே கோணாமலை மற்றக் குடிகளுக்கும் நாள் சொல்லிவிட்டார். முதலாம் நாள் வில்லவன் குடி சந்தியில் ஒலிபெருக்கி கட்டியது. கேதீஸ்வரியின் கடைக்கு முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வாக்குப் போடத் தெரியாதவர்களுக்கு யசோதினி போட்டுக் காட்டினாள். மாலையில், அன்று கூடிய வாக்குகளைக் கரும்பலகையில் குடியின் பெயரோடு எழுதினாள். இரண்டாம் நாளுக்குரிய குடி அந்தக் கணக்கைத் தாண்டுவதற்காக வாழைச்சேனைத் துறைமுகத்தில் தொழில் செய்யும் தம் ஆட்களையெல்லாம் கரைக்கு வரச் சொல்லி அழைத்தது. அக்காவோடும் மச்சானோடும் வருடக்கணக்காகப் பேசாதவர்கள்கூடக் குடிக்காக அழைப்பெடுத்தார்கள். எந்த நோய், எந்த ஆராய்ச்சி என்று யாரும் கேட்கவில்லை. பஹீமா தன் பங்குக்குச் சவூதியிலும் கட்டாரிலும் இருந்த உறவுக்காரரை ஏவிவிட்டு, குரல் பதிவு ஒன்றை அனுப்பினாள்: "கேதீசக்கா, எங்களுக்கு ஒரு நாள் தரல்லயே நீங்க. நாங்க என்ன குடி கா? மெஷின் குடியா?"

ஆறாம் நாள் முடிவில் அவர்கள் இரண்டாம் இடத்துக்கு வந்திருந்தார்கள். முதலிடத்தில் பிள்ளைகளின் ஆராய்ச்சி.

ஏழாம் நாள் விடிந்தது. பூமாலைச்சி குடி ஊரிலேயே சிறிய குடி. வெளிநாட்டில் இருப்பவர்கள் சிலரே. மதியத்துக்குள் போடக்கூடியவர்கள் எல்லோரும் போட்டு முடித்துவிட்டார்கள். பலகையில் எழுதுவதற்கு வெட்கமாக இருந்தது. வில்லவன் குடிக்காரர் இருவர் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டு, "குளிர்த்திக்கு முதலே குளுந்திட்டுப் போல," என்று கேட்கும்படி பேசினார்கள். கோணாமலை கடைக்குள் வந்து, நிற்கவும் இருக்கவும் மனமில்லாமல் பிரதியெடுக்கும் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நம்மட நாளில தோத்தா நான் எந்த முகத்தோட கோயில் வாசல்ல நிக்கிற? ஏதாவது செய் புள்ள. நீதானே தொடங்கின."

கேதீஸ்வரி மகளிடம் தொலைபேசியைக் கொடுத்து, வீடியோ எடுக்கச் சொன்னாள். என்ன பேசுவது என்று அவள் முன்கூட்டி யோசிக்கவில்லை. சடங்கில் குடியை அழைக்கும்போது ஊர், பேர், தாய்வழி என்ற ஒழுங்கில்தான் சொல்லுவார்கள். அந்த ஒழுங்கே அவளுடைய வாயில் வந்தது.

"நான் கேதீஸ்வரி. விளாங்காமுனை, பூமாலைச்சி குடி. எங்கட பெரியம்மா இந்த வருத்தத்தில செத்தவ. எங்கட அம்மா இந்த வருத்தத்தில செத்தவ. இப்ப எனக்கு இரிக்கி. எனக்கு ஒரு மகள் இரிக்கிறா. இது தண்ணியில வருதா, ரத்தத்தில வருதா எண்டு நான் சாக முதல் எனக்குத் தெரியணும். பூமாலைச்சி குடியில பொறந்தவங்க எங்க இருந்தாலும் இண்டைக்கு எனக்கொரு வாக்குப் போடுங்க."

யசோதினி தொலைபேசியைத் தாழ்த்தினாள். "என்னையும் சொல்லணுமா அம்மா?"

"உனக்காகத்தானே மனே கேக்கிறன்."

கோணாமலை அருகில் நின்று முழுவதையும் கேட்டார். "அனுப்பு," என்று சொன்னவரும் அவர்தான். பிற்காலத்தில் இதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வீடியோ அன்று மாலைக்குள் வாவியையும் கடந்தது, கடலையும் கடந்தது. கனடாவிலும் சுவிஸிலும் இருந்த, பூமாலைச்சி குடியைக் கேள்விப்பட்டேயிராத மனிதர்கள், அழுகிற முகப்படங்களோடு பகிர்ந்தார்கள். வாக்கு முடியும் வேளையில் பிள்ளைகளின் ஆராய்ச்சி வெகு பின்னால் நின்றது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். டொக்டர் உதயரூபன் தொலைபேசியில் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கோணாமலை அவளைக் கோயில் வாசலுக்கு அழைத்து, எல்லாக் குடிகளுக்கும் முன்னால் பட்டுத்துண்டு போர்த்தினார். ஏழாம் நாளின் கணக்கு, கூட்டிப் பார்த்தவர்கள் வியக்கும்படி பலகையில் நெடுநாள் இருந்தது.

பெயர் எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் எதிர்க்கடையில்தான் கேட்டது. யாரோ தன் முழங்கால் வீக்கத்தைக் காட்ட, மற்றவன், "கவனம், பூமாலைச்சி வருத்தமா இரிக்கும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சில வாரங்களில் சிரிப்புப் போய் பெயர் மட்டும் நின்றது. அதுவரை வீக்கம் ஊருக்குப் பொதுவாக இருந்தது. இப்போது அதற்கு ஒரு தாய்வழி கிடைத்துவிட்டது. கொடுத்தவள் அந்தக் குடிக்காரியே. தங்கள் வீடுகளிலும் வீங்கி இறந்தவர்கள் இருந்த மற்றக் குடிகள் ஆறும், தோளில் இருந்த சுமையை இறக்கி வைத்தவர்கள்போல ஆறுதல் அடைந்தன.

புஸ்பத்தின் மகள் அஜந்தாவுக்கு ஆவணியில் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, சாதகத்தில் ஏதோ பிழை என்று சொல்லி, கொடுத்த சேலையையும் கேட்காமல் போனார்கள். அன்று மாலை புஸ்பம் தங்கையின் வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஏறவில்லை, முற்றத்தில் நின்றே பேசினாள்.

"நீ வெண்டிட்டாய். என்ட மகள் தோத்துட்டாள்."

"அக்கா, நான் உங்கட பேரச் சொல்லல்லயே."

"குடியச் சொன்னாய். மறுகா என்னத்த மிச்சம் வெச்சாய்? எனக்கு வருத்தமில்ல, என்ட மகளுக்கு வருத்தமில்ல. ஆனா ஒரே வயிறு எண்டு உலகம் முழுக்கச் சொல்லிப்போட்டாய்."

"தண்ணியா ரத்தமா எண்டு தெரிஞ்சிட்டா, எல்லாருக்கும்..."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?" புஸ்பம் குரலை உயர்த்தவேயில்லை. "தண்ணி எண்டா அம்மா எழும்பி வருவாவா? ரத்தம் எண்டா உன்ட மகளத் திருப்பி வயித்துக்குள்ள வைப்பியா?"

கேதீஸ்வரி கோணாமலையிடம் போனபோது அவர் கோயில் கணக்கைப் பற்றிப் பேசினார். அவள் விடாமல் நின்றதனால் கடைசியில் சொன்னார்: "வாக்குக் கேளு எண்டுதான் சொன்னன். குடியச் சந்தியில வெச்சு ஏலம் போடச் சொல்லல்ல."

"பக்கத்தில நிண்டு கேட்டீங்களே மாமா."

"எனக்கு இப்ப காது சரியில்ல," என்றார்.

கடைக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவசரம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் காசை அவளுடைய கையில் கொடுக்காமல் மேசையில் வைக்கத் தொடங்கினார்கள். இரத்த நோயுள்ள பிள்ளைகளின் தாய் ஒருத்தி வீடியோவின் கீழே எழுதியிருந்ததை யசோதினி ஒருமுறை வாசித்துக் காட்டினாள். வாழ்த்துகள், உங்கள் மகளுக்குச் சுகம் கிடைக்கட்டும் என்று மட்டும் எழுதியிருந்தாள். வசை எழுதியிருந்தால் கேதீஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாரி தொடங்குவதற்குச் சற்று முன் யசோதினிக்கே ஒரு பேச்சு வந்தது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைப் பக்கத்துப் பொடியன், தபாற்கந்தோரில் வேலை. அவன் யசோதினியைப் படிக்கும் காலத்திலிருந்தே அறிந்தவன். அவள்தான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றதால், அவனை வளர்த்த பெரியம்மா ஆச்சிப்பிள்ளை வீடு பார்க்க வந்தாள். கேதீஸ்வரி கொண்டுவந்து வைத்த தேநீரை அவள் தொடவில்லை.

"குழாய்த் தண்ணியில போட்டது," என்றாள் கேதீஸ்வரி.

"ஓம், ஓம். எனக்குத் தேத்தண்ணி ஒத்துவாறல்ல." ஆச்சிப்பிள்ளை பின்வளவைப் பார்த்தாள். "நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கிற ஆள் இல்ல, மச்சாள். உங்கட வீடியோவ நானும் பாத்தன். தண்ணியா ரத்தமா எண்டு கேட்டீங்க. எங்களுக்கும் அந்தக் கேள்விதான். எங்கட பொடியன் நாளைக்கு இந்த வீட்டுக்குத்தானே வந்து இருக்கப் போறான். தண்ணி எண்டா, அந்தக் கிணறு இருக்கக்கூடா. ரத்தம் எண்டா..." அவள் தேநீர்க் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தாள். "ரத்தம் எண்டா நான் இந்தப் பாதையிலயே திரும்பிப் போயிடுறன். ஒருத்தருக்கும் மனவருத்தம் வேணாம்."

அறைக்குள் யசோதினி நிற்பது கதவுத் திரைக்குக் கீழே தெரிந்த பாதங்களால் தெரிந்தது. கேதீஸ்வரி அந்தக் கணுக்கால்களைப் பார்த்தாள்.

"தண்ணிதான்," என்றாள். "டொக்டர்மாரும் தண்ணி எண்டுதான் சொல்லுறாங்க."

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. பதிலைத் தேடி ஊரையும் உலகத்தையும் எழுப்பியவள், ஆறிப்போன தேநீருக்கு முன்னால் பதிலைத் தானே செய்து கொடுத்தாள். ஆச்சிப்பிள்ளை அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த கிழமை யோகராசா உழவு இயந்திரத்தில் மண் ஏற்றிவந்து கிணற்றை மூடினார். மண் விழுந்து தண்ணீர் மேலே ஏறியபோது, "பாவம், என்ன செஞ்சதெண்டு தெரியாமலே தூக்குல போடுறம்," என்றார். மூடிய இடத்தில் வாழைக்குட்டி ஒன்றை நட்டார்.

மாரி ஓய்ந்த பிறகு டொக்டர் உதயரூபன் தன் ஆட்களோடு வந்தார். பணம் கிடைத்துவிட்டது, இரத்தப் பரிசோதனைக்கு வேண்டிய பெட்டிகள், தண்ணீர் எடுப்பதற்கான போத்தல்கள், குடும்பவழியைக் கேட்டு எழுதுவதற்கு இரண்டு மாணவர்கள் என எல்லாமே வந்தன. முதலில் அவர் கேதீஸ்வரியின் வீட்டுக்குத்தான் வந்தார். ஏனெனில் எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

"கிணறு எங்க அக்கா?"

யோகராசாதான் பின்வளவைக் காட்டினார். "அந்த வாழைக்குக் கீழதான் டொக்டர். குலை போட்டாச் சொல்லி அனுப்புறம். வந்து பாருங்க, பழத்தில இரிக்கிதா எண்டு."

டொக்டர் வாழையையும் கேதீஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தார். "முக்கியமான கிணறு அக்கா அது," என்று மட்டும் சொன்னார். போத்தலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "பரவாயில்ல. ஆக்கள் வந்தாப் போதும்."

ஆட்கள் வரவில்லை. பல்நோக்கு மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, மாணவர்கள் காத்திருந்தார்கள். எதிரே தேநீர்க்கடையில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். மண்டபத்துக்குள் யார் போகிறார்கள் என்று பார்க்க ஊரே கூடியிருந்தது. பார்க்க வந்தவர்களால் போக முடியாது. கிளினிக் வாங்கில் கேதீஸ்வரி பலமுறை கண்டிருந்த வில்லவன் குடிக்காரர் ஒருவர், முகத்தைத் திருப்பாமல் சைக்கிளில் கடந்து போனார். அவர் வேறு துறையில் தெப்பம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் என்பதும் அவளுக்குத் தெரியும். முதலாம் நாள் ஒலிபெருக்கியில் கத்தி வாக்குச் சேர்த்தவரும் அவரேதான்.

கேதீஸ்வரி முதல் ஆளாகப் போய் இரத்தம் கொடுத்தாள். ஊசி ஏறும்போது வாசலைப் பார்த்தாள். வந்தவள் பஹீமா, கறுப்பு அபாயாவுக்குள் மெலிந்து, தெப்பத்தில் வெயில் குடித்து வந்திருந்தாள்.

"என்ன கா இது, கலியாண ஊடா, மையத்து ஊடா? கதிரையெல்லாம் கிடக்கு. மனுசரக் காணல்ல."

"ஏன் பஹீமா இந்த ஒடம்போட வந்த நீ?"

"உங்கட ஆக்கள் முட்டி மோதுவாங்க, வரிசையில இடம் புடிச்சுத் தருவம் எண்டு வந்தன்." அவள் மாணவர்களிடம் கையை நீட்டினாள். "என்னட்டயும் எடுங்க. இருக்கிறதே கொஞ்சம்தான், பாத்து எடுங்க."

ஆராய்ச்சி படுவான்கரைக் குடும்பங்களுக்கு மட்டும் உரியது, காத்தான்குடிக்காரியின் இரத்தம் இதில் சேராது என்று மாணவன் ஒருவன் சங்கடத்தோடு விளக்கினான். பஹீமா கையை மடக்கிக்கொண்டாள்.

"பாத்தீங்களா கேதீசக்கா? வாக்குக்கு நாங்க ஆகும். ரத்தத்துக்கு ஆகா."

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தெப்பத்துக்குத் திரும்பிப் போகும்வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மண்டப வாசலுக்கு யசோதினி வந்தாள். கடையைப் பூட்டிவிட்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தாள். எதிரே தேநீர்க்கடையின் ஓரத்தில், வெளியே போட்டிருந்த கதிரையில் ஆச்சிப்பிள்ளை இருப்பதைக் கேதீஸ்வரி அப்போதுதான் கண்டாள். அவளுக்கு விளாங்காமுனையில் அன்று வேறு அலுவல் எதுவும் இருந்திருக்க முடியாது.

கேதீஸ்வரி எழுந்து வாசலுக்குப் போய், மகளை உள்ளே விடாமல் மறித்து நின்றாள்.

"எங்க வாறாய்?"

"ரத்தம் கொடுக்க."

"ஊட்ட போ மனே."

"ஒருத்தரும் வரல்லயே அம்மா. நானாவது கொடுக்கிறன்."

"நீ கொடுத்தா, தண்ணி எண்டு சொன்னது பொய்யெண்டு ஆகும். அங்க பாரு ஆரு இரிக்கிறா எண்டு."

"கண்டன். கண்டுட்டுத்தான் வந்தன்." யசோதினியின் குரல் அடங்கியிருந்தது. "எனக்குத் தெரியணும் அம்மா."

கேதீஸ்வரியின் வாயிலிருந்து வந்தது அவள் எண்ணியிராத சொல். முற்றத்தில் நின்று புஸ்பம் சொன்ன அதே சொல், அதே தாழ்ந்த குரலில் வந்தது.

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

மகள் அவளை நெடுநேரம் பார்த்தாள். "நீங்கதானே கேட்டீங்க," என்றாள். "என்னைச் சொல்லித்தானே கேட்டீங்க." பிறகு திரும்பி, தேநீர்க்கடையின் பக்கம் பார்க்காமல், வந்த வழியே நடந்தாள். ஆச்சிப்பிள்ளை கதிரையிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கிப் போனாள். அவள் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டாள்.

மாணவர்கள் பெட்டிகளை மூடத் தொடங்கினார்கள். டொக்டர் உதயரூபன் வாசல்வரை வந்து, போகும் பெண்ணைப் பார்த்தார்.

"உங்கட மகள்தானே அக்கா?"

"ஓம்."

"அவவின்ட ரத்தம் ஒண்டு கிடைச்சாக்கூட, உங்களோட ஒப்பிட்டுப் பார்த்து ஏதாவது சொல்லலாம்."

"அவவுக்கு ஒரு வருத்தமும் இல்ல, டொக்டர்."

அவர் மூடிய பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் சேராத ஊரில் பணத்தைச் செலவழித்தால் அறக்கட்டளைக்குப் பதில் சொல்ல முடியாது, மனமுவந்து வருகிறவர்கள் இருக்கும் வேறு மாவட்டத்துக்கு ஆராய்ச்சியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை. "ஆக்கள் இவ்வளவு வாக்குப் போட்டாங்களே அக்கா," என்று மட்டும், விளங்காத ஒன்றை இன்னொருமுறை கேட்பவர்போலச் சொன்னார்.

"போட்டாங்க," என்றாள் கேதீஸ்வரி. "அது குடிக்குப் போட்டது."

அவளிடம் எடுத்த இரத்தம் அந்த வாகனத்திலேயே போயிற்று. ஒப்பிடுவதற்கு வேறு இரத்தம் இல்லாதபடியால், அதிலிருந்து எதுவும் தெரியவில்லை என்று பின்னர் அறிவித்தார்கள்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது யசோதினி பின்வளவுக் குழாயடியில், வாழைக்குப் பக்கத்தில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். பாவாடையைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்தாள். தாயின் காலடிச் சத்தம் கேட்டதும் கையை விட்டாள். பாவாடை பாதம்வரை விழுந்தது.

"இருட்டிப் போச்சு அம்மா," என்றாள். "உள்ளுக்குப் போங்க."